நின்ற விசிறி

குருவுக்குச் சீடனைவிட வயது குறைவு. சீடன் தர்மகுலசிங்கத்துக்கு முதல் எரிச்சலே அதுதான்.

இங்கிலாந்தில் ஒரு விமான அருங்காட்சியகம். அங்கே பழைய போர் விமானங்களைக் கொட்டகைக்குள் பூட்டி வைப்பதில்லை. கோடையில் ஞாயிறுதோறும் பறக்க விடுவார்கள். அவற்றைப் படம் எடுப்பது நிரோஜினியின் வேலை. அவளிடம் படம் எடுக்கப் பழக வந்திருந்தார் குலசிங்கம்.

போர்க்காலத்தில் ஊரில் குண்டு போட வந்த விமானங்களுக்குப் பயந்து, பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் வளர்ந்த மனுசன் அவர். இத்தனை வருசம் போயும், தலைக்கு மேலே இரைச்சல் கேட்டால் கால் தானாக ஒளிய இடம் தேடும். அந்தப் பயத்தைக் கமராவால் தீர்த்துக்கட்டுவது என்று கிளம்பியிருந்தார்.

ஆனால் எடுத்த படமெல்லாம் ஒரே பிழை. விமானத்தின் முன்னால் சுழல்கிற விசிறி படத்தில் அசையாமல் நின்றது.

"ஷட்டர் வேகம் கூடினால் சுத்துறதும் நிண்ட மாதிரித்தான் விழும்; அதைக் குறையுங்கோ அண்ணை. விமானம் போற பக்கம் உடம்பைத் திருப்பிக்கொண்டே எடுங்கோ. விசிறி சுத்துறது படத்தில தெரிய வேணும். விசிறி நிண்டால் விமானம் பறக்காது."

சொல்லிச் சொல்லி நிரோஜினிக்கு வாய் வலித்துவிட்டது. அன்று காலை முகத்துக்கு நேரேயே சொன்னாள்.

"இண்டைக்கும் நிண்ட விசிறியோட வந்தியள் எண்டால், இனி வர வேண்டாம்."

குலசிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்றுப் பிறந்தவள் தன்னை விரட்டுவதா? பார்க்கிற எல்லாமே எரிச்சலாக இருந்தது. வேலியோரம் சனம் பாய் விரித்து ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தது. குண்டுவீச்சு விமானம் மேலே கிளம்பியதும் எல்லோரும் கை தட்டினார்கள்.

"கை தட்டீனம்," என்று பல்லைக் கடித்தார். "தேர் பாக்க வந்த மாதிரி. உவைக்கு என்ன தெரியும்?"

"படத்தை எடுங்கோ அண்ணை."

விமானம் வட்டமடித்து, தாழப் பறந்து வந்தது. இந்தமுறை அவருடைய கால் ஓட நினைக்கவில்லை. விரல்தான் வேலை செய்தது. ஷட்டர் வேகத்தைக் குறைக்காமல், உச்சிவரை கூட்டி வைத்து அழுத்தினார்.

நிரோஜினி கமராவை வாங்கிப் பார்த்தாள். விசிறி இரண்டும் செத்த மாதிரி நின்றன.

"தெரிஞ்சுகொண்டுதானே செய்தனீங்கள்?"

"ஓம்."

"ஏன்?"

"அது நிக்க வேணும்!" பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குலசிங்கத்துக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. "எங்கட வீட்டுக்கு மேல சுத்தேக்க, நில்லு, நில்லு எண்டு காதைப் பொத்திக்கொண்டு கத்தினனான். நிக்கேல்லை. தங்கச்சி கிணத்தடியில நிண்டவள். எனக்கு ஒருக்காவாவது அந்தச் சனியனை நிப்பாட்ட வேணும். உமக்கு இது பிழையான படம். எனக்கு இதுதான் படம்."

அவர் கத்தியது பயத்தில் இல்லை, கோபத்தில்.

நிரோஜினி படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதுவே அவருக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. போகச் சொல்லப்போகிறாள் என்று கமராவுக்குக் கையை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கி, அதன் கீழ்விளிம்புக்கு நகர்த்தி, அவர் முன்னே பிடித்தாள்.

விமானத்துக்கு நேர் கீழே வேலியோரத்துச் சனம் தெரிந்தது. நடுவில் தகப்பன் ஒருவனின் தோளில் ஒரு சின்னப் பிள்ளை, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக்க மூடியபடி. படம் எடுத்தபோது குலசிங்கம் அதைப் பார்க்கவே இல்லை.

"சரி அண்ணை, நிப்பாட்டிப் போட்டியள்," என்றாள் நிரோஜினி. "இனி இந்த விமானம் எங்க விழும்?"