காலி அடுப்புக்கு ஐந்து கட்டை

பனிமலை நாடு என்று ஒன்று இருந்தது. எங்கே என்று கேட்டால் வடக்கே கை காட்டலாம். அதற்கு மேல் கேட்கக் கூடாது. அங்கே மார்கழியில் ஆடு கறந்தால் பால் செம்பில் விழுவதற்குள் உறைந்துவிடும். பால்காரர்கள் அதைத் துணியில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாக விற்பார்கள். அப்பேர்ப்பட்ட குளிர்.

ஆகவே அங்கே ராஜாவுக்கு அடுத்த பெரிய ஆள் சேனாதிபதி அல்ல, விறகு மந்திரி. சேந்தன் என்பவர் முப்பது வருஷம் அந்தப் பதவியில் இருந்தார். யாரிடமும் ஒரு சுள்ளி கூட இனாமாக வாங்கியதில்லை. ஊரிலேயே சின்ன நெருப்பு எரிந்தது அவர் வீட்டில்தான். எழுபது வயதில் பதவியை விட்டார். விட்டதும் மலைச்சரிவில் இருந்த ஓர் ஆசிரமத்துக்குப் போய்ச் சீடரானார்.

குரு தில்லையம்மைக்கு வயது நாற்பது. சீடருடைய கடைசி மகளைவிட இரண்டு வயது இளையவர். அவரைத் "தாயே" என்று கூப்பிட சேந்தனுக்கு ஒரு மாதம் நாக்குப் புரளவில்லை. பிறகு புரண்டது. குரு மட்டும் கடைசி வரை அவரை "மந்திரியாரே" என்றுதான் கூப்பிட்டார். பதவி போனாலும் அந்தப் பெயர் போகவில்லை.

இரண்டாம் வருஷம் ஐப்பசியில் அரண்மனையிலிருந்து தத்தன் என்ற தூதன் வந்தான். புது ராஜா ஓலை அனுப்பியிருந்தார். காடு தேய்ந்துகொண்டே வருகிறது, இப்படியே போனால் ஜனங்கள் நாட்டைக் காலி செய்துகொண்டு போக வேண்டியதுதான், தாங்கள் திரும்பி வந்து விறகை மிச்சப்படுத்த ஒரு சட்டம் எழுதித் தர வேண்டும் என்று அதில் கண்டிருந்தது.

சேந்தன் ஓலையை எடுத்துக்கொண்டு குருவிடம் போனார்.

"தாயே, என்ன சட்டம் எழுதினால் ஜனங்கள் விறகை வீணாக்காமல் இருப்பார்கள்?"

"ஆறு நாள் சமையலைப் பாருங்கள். ஏழாம் நாள் எழுதலாம்."

சேந்தனுக்கு உள்ளூரச் சந்தோஷம். நம்முடைய சிக்கனம் இப்போதாவது இந்த அம்மாள் கண்ணில் பட்டதே என்று நினைத்துக்கொண்டார். தூதனைத் தங்கச் சொன்னார்.

முதல் நாள் காலையில் குரு தம் கையாலேயே பதினொரு கட்டை எடுத்துக் கொடுத்தார். நாற்பது பேருக்குக் கஞ்சி. சேந்தன் அடுப்பைச் சுற்றிக் கல் அடுக்கினார், பானைக்கு மூடி தேடிப் போட்டார், எட்டுக் கட்டையில் காரியத்தை முடித்தார். மிச்சம் மூன்றையும் குருவின் முன்னால் கொண்டுபோய் வைத்தார். குரு தலையை ஆட்டினார்.

இரண்டாம் நாள் எட்டுக் கட்டைதான் வந்தது.

சேந்தன் அதையும் ஒரு பந்தயம் போல எடுத்துக்கொண்டார். அரிசியை முன்னதாகவே ஊற வைத்தார். ஆறு கட்டையில் கஞ்சி கொதித்தது. இரண்டைத் திருப்பிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் வந்தது ஆறு. மிச்சம் ஒன்றும் இல்லை. ஆனாலும் கஞ்சி வெந்தது.

நான்காம் நாள் மழை. விறகெல்லாம் நனைந்து, புகைதான் வந்ததே தவிர நெருப்பு வரவில்லை. ஆறு கட்டையும் தீர்ந்தபோது பானையில் தண்ணீர் ஒரு பக்கம், அரிசி ஒரு பக்கம் கிடந்தது. பசித்தவர்கள் அதைக் குடித்துத் தொலைத்தார்கள். குருவும் குடித்தார். தூதன் தத்தன் மட்டும் கிண்ணத்தை உற்றுப் பார்த்தான்.

"மந்திரியாரே, இதை நட்டு வைத்தால் முளைக்கும்போல இருக்கிறதே" என்றான்.

நாற்பது பேரும் சிரித்தார்கள். முப்பது வருஷம் ஒரு நாட்டையே சூடாக வைத்திருந்த மனிதருக்குக் காது மடல் சிவந்தது.

ஐந்தாம் நாள் விடிந்ததும் அவர் குருவிடம் போனார். அடுப்பில் விரிசல் விட்டிருக்கிறது, சூடெல்லாம் வெளியே போகிறது, பன்னிரண்டு கட்டை இல்லாமல் முடியாது என்றார். அடுப்பு கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. குரு அதை வந்து பார்க்கவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை, பன்னிரண்டையும் எடுத்துக் கொடுத்தார்.

அன்று வானம் வெளுத்திருந்தது. விறகு காய்ந்திருந்தது. ஏழு கட்டையில் கஞ்சி குழைந்து வெந்தது. எல்லோரும் குடித்துவிட்டுப் போனார்கள்.

சேந்தன் அடுப்படியில் உட்கார்ந்து மிச்சம் ஐந்து கட்டையைப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தால் நாளைக்கு ஏழுதான் வரும். நாளைக்கு மழை வந்தால்? ஒளித்து வைக்கலாம், யாராவது பார்த்துவிட்டால் மானம் போகும். அவர் அதிக நேரம் யோசிக்கவில்லை. பானையை இறக்கி ஓரமாக வைத்தார். ஐந்து கட்டையையும் ஒவ்வொன்றாக அடுப்புக்குள் தள்ளினார். சீக்கிரம் எரியட்டும் என்று ஊதவும் செய்தார்.

வாசலில் நிழல் விழுந்தது. தில்லையம்மை நின்றுகொண்டிருந்தார்.

"மந்திரியாரே, யாருக்குச் சமையல்?"

சேந்தன் ஊதுகுழலைக் கீழே வைத்தார். பானையைப் பார்த்தார், நெருப்பைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அது அவருடைய சட்டம். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவரே எழுதியது. கொடுத்த விறகில் எவ்வளவு மிஞ்சுகிறதோ, மறு வருஷம் அவ்வளவு குறைத்துக் கொடு, இவ்வளவுதான் சட்டம். எழுதிய அன்று அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அடுத்த சில வருஷங்களில், வருஷக் கடைசியான பங்குனி வந்தால் நாடே தகதகவென்று எரிய ஆரம்பித்தது. சர்க்கார் கச்சேரிகளில் எரித்தார்கள், சாவடிகளில் எரித்தார்கள், ஆளில்லாத அறைக்குள்ளும் கணப்பு மூட்டினார்கள். பனிமலை நாட்டில் பங்குனியில் மட்டும் வேர்க்குரு வரும். வைத்தியர்கள் சந்தனம் அரைத்து விற்றே மாடி வீடு கட்டினார்கள்.

வீணாக எரிப்பவர்களைப் பிடிக்க, புகையை மோப்பம் பிடிக்கும் ஆட்கள் நூறு பேரைச் சேந்தன் நியமித்தார். மோப்பக்காரர்களுக்கு மூக்கு விறைக்கக் கூடாதே என்று அவர்கள் கச்சேரியில் நானூறு கணப்பு வைக்க வேண்டியதாயிற்று. நாட்டில் அதிக விறகு செலவான இடம் அதுதான்.

"சிரிப்பாக இருக்கிறது, இல்லையா?" என்றார் குரு, அவர் முகத்தைப் பார்த்தே எல்லாம் படித்தவர் போல.

"இல்லை தாயே." சேந்தனுடைய குரல் இறங்கியிருந்தது. "கணவாய்ச் சத்திரத்தில் பூவராகன் என்று ஒருவன் இருந்தான்."

குரு உள்ளே வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

சேந்தன் சொன்னார். சட்டம் வந்த முதல் வருஷம். பூவராகன் தானே மண் குழைத்துப் புது மாதிரி அடுப்பு ஒன்று கட்டினான். பாதி விறகு போதும். மிஞ்சிய பாதியை வண்டியில் ஏற்றி அரண்மனைக்கு அனுப்பினான். அடுப்பை எப்படிக் கட்டுவது என்று படம் வரைந்து அதோடு வைத்திருந்தான். மறு வருஷம் அவனுக்குப் பாதி விறகு போயிற்று. அந்தக் கார்த்திகையிலேயே கணவாய் மூடிக்கொண்டது. சத்திரத்தில் இருபத்துமூன்று பேர். கதவை எரித்தார்கள், ஜன்னலை எரித்தார்கள், வந்த வண்டிகளை எரித்தார்கள். மாசிக் கடைசியில் பனியை வெட்டிப் போய்ப் பார்த்தபோது எரிக்க ஒன்றும் மிச்சமில்லை. ஆட்களும் இல்லை.

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"இரங்கல் ஓலை எழுதினேன். நல்ல நடையில்."

"சட்டத்தை?"

"ஒருவனுக்காக மாற்றினால் எல்லோரும் கேட்பார்கள் என்று விட்டுவிட்டேன். நான் வீணாக்கவில்லையே, திருடவில்லையே என்று நன்றாகத் தூங்கவும் செய்தேன்." "நாடு என்னிடம் ஒரே ஒரு பாடம்தான் படித்தது தாயே. மிச்சம் பிடித்தவன் செத்தான்."

அடுப்பில் ஐந்தாவது கட்டை முறிந்து விழுந்தது. இருவரும் அதைத் தொடவில்லை.

சேந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். புத்தி விழித்துக்கொண்ட பழைய மந்திரி முகம் வந்துவிட்டது.

"இப்போது தெரிகிறது. சட்டத்தைத் திருப்பிப் போட்டால் போதும். மிச்சம் பிடித்தவன் மிச்சத்தைத் தானே வைத்துக்கொள்ளட்டும். அவனுடைய பங்கில் ஒரு சுள்ளி குறையாது என்று எழுதுகிறேன். தத்தனிடம் இன்றைக்கே கொடுத்தனுப்பலாம்."

"நல்ல சட்டம்" என்றார் குரு. "இன்று காலையில் பன்னிரண்டு கட்டையை உங்கள் கையில் கொடுத்தபோது நான் அதையே சொல்லியிருந்தால்?"

"என்ன தாயே?"

"மிச்சம் உங்களுக்கே, நாளைக்கும் பன்னிரண்டு தருவேன் என்று. சொல்லியிருந்தால் அந்த ஐந்தையும் எரிக்காமல் வைத்திருப்பீர்களா?"

சேந்தன் உடனே பதில் சொல்ல வாயெடுத்தார். பொய் வரவில்லை. மிஞ்சியதைக் காட்ட வைத்துப் பிடுங்கிக்கொள்வதற்குத்தான் இப்படிச் சொல்கிறார்கள் என்று நினைத்திருப்பார். பன்னிரண்டையும் எரித்திருப்பார்.

"நான்கு நாள்தான் ஆண்டேன்" என்றார் குரு. "அதற்கே இப்படி."

வெளியே தத்தன் குதிரைக்குச் சேணம் கட்டும் சத்தம் கேட்டது.

"இருக்கிற காடு இன்னும் எத்தனை குளிர்காலம் தாங்கும்?"

"மூன்று" என்றார் சேந்தன்.

"ஜனங்கள் உங்களை நம்ப எத்தனை குளிர் ஆகும்?"

சேந்தன் கையை மடியில் வைத்துக்கொண்டு விரல்களை மடக்கத் தொடங்கினார். மூன்றாவது விரலில் அவரால் நிறுத்த முடியவில்லை.