செவலைக்கு ஒரு நாள் லீவு

ஒரு காட்டில் ஓடை ஒன்று இருந்தது. அந்த ஓடைக்கரையில் ஒரு நாய் முழி பிதுங்கி நின்றுகொண்டிருந்தது. ஏன் என்கிறீர்களா, பிள்ளைகளே? அதற்கு அன்றைக்கு லீவு விட்டிருந்தார்கள்.

நாயின் பெயர் செவலை. ஆடு மேய்க்கும் சடையாண்டிக்கும் அவன் மனைவி பொன்னுத்தாயிக்கும் அதுதான் வலது கை. காலையில் நாற்பது ஆடுகளையும் பட்டியிலிருந்து ஓட்டிப் போகும். ஒன்று விலகினாலும் குறுக்கே பாய்ந்து மடக்கும். பொழுது சாய்ந்ததும் கொண்டுவந்து அடைக்கும். பிறந்ததிலிருந்து அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு நாள்கூடச் சேர்ந்தாற்போல உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. ஒருவர் ஆட்டோடு போனால் மற்றவர் தழை ஒடிக்கப் போவார். இது சரிப்படாது என்று பொன்னுத்தாயி ஒரே பிடியாக நின்றாள். தன் தம்பியை வரவழைத்து ஆடுகளை ஒப்படைத்தாள். புளிச்சோறும் துவையலும் கட்டிக்கொண்டு இருவரும் ஓடைக்குக் கிளம்பினார்கள். தாயை இழந்த எட்டு நாள் குட்டி ஒன்றை மட்டும் கூடவே தூக்கிக்கொண்டார்கள். அதற்கு அடிக்கடி புட்டிப்பால் கொடுக்க வேண்டும், தம்பியை நம்பி விட முடியாது. செவலையும் பின்னாலேயே வந்தது.

வந்த இடத்தில்தான் வினை. சடையாண்டி மேல்புறம் போய்த் தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்தான். மீன்குஞ்சுகள் பாதத்தைக் கொத்த, கூச்சம் தாங்காமல் தனியாகச் சிரித்தான். பொன்னுத்தாயி கீழ்ப்புறம் மருத மரத்தடியில் ஈரத் தலையை விரித்துப் போட்டுப் படுத்தாள். குட்டி அவள் அருகில் தூங்கியது.

செவலை அந்தப் பக்கம் பார்த்தது, இந்தப் பக்கம் பார்த்தது. மந்தை இரண்டாகப் பிரிந்தால் சும்மா விடலாமா? ஓடிப்போய்ச் சடையாண்டியின் வேட்டியைக் கவ்வி இழுத்து மரத்தடியில் கொண்டுவந்து சேர்த்தது. அவன் திரும்பிப் போனான். மறுபடி இழுத்து வந்தது. மூன்றாம் தடவை வேட்டி டர்ரென்று கிழிந்தது.

பொன்னுத்தாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏங்க, உங்களையும் ஆடுன்னு நெனச்சிருச்சு."

சடையாண்டி நாயின் காதைச் செல்லமாகத் திருகினான். "அடேய், இன்னிக்கு உனக்கும் லீவுடா. ஒரு வேலையும் கெடையாது. பேசாமப் படு."

செவலை படுத்தது. ஆனால் லீவு என்றால் என்னவென்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எழுந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. மறுபடி படுத்தது. கால்கள் தாமாக ஓடப் பார்த்தன. வேலை இல்லை என்கிறார்களே, அப்படியானால் நான் எதற்கு என்று நினைத்ததும் அதன் வால் தொங்கிப்போனது.

மரத்தின் மேலிருந்த காக்கையிடம் விசாரித்தது. லீவு என்றால் புளிச்சோறு, மீதி வைத்தால் அது நல்ல லீவு என்று காக்கை சொன்னது. காக்கைக்கு எப்போதும் சோற்று நினைப்புத்தான். பாறையில் வெயில் காய்ந்த ஆமையிடம் கேட்டது. சும்மா இருப்பதுதான் லீவு, என்னைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று ஆமை கண்ணை மூடிக்கொண்டது. செவலை வெகுநேரம் பார்த்தது. ஆமை ஒன்றுமே செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதை எப்படிச் செய்வது என்று செவலைக்கு விளங்கவே இல்லை.

இதையெல்லாம் எதிர்க்கரைப் புதரிலிருந்து ஒரு நரி கேட்டுக்கொண்டிருந்தது. அதன் கண் குட்டியின் மேல். பொன்னுத்தாயி கண்ணயர்ந்துவிட்டாள், சடையாண்டியோ தூரத்தில் இருந்தான். நடுவில் இருப்பது இந்த நாய் ஒன்றுதான். இதை நைசாக நகர்த்திவிட்டால் குட்டி நமக்கு என்று நரி நாக்கைச் சப்புக்கொட்டியது.

"என்ன அண்ணே, முகம் வாடியிருக்கிறது?" என்று கேட்டபடி புதரை விட்டு வெளியே வந்தது.

மற்ற நாளாக இருந்தால் செவலை குரைத்துக் காட்டையே எழுப்பியிருக்கும். லீவு நாளில் குரைக்கலாமா கூடாதா என்று அதற்குத் தெரியவில்லை. அதனால் தன் கஷ்டத்தை அப்படியே சொல்லிவிட்டது.

"இவ்வளவுதானா? லீவு என்றால் மனசுக்குப் பிடித்ததைச் செய்வது," என்றது நரி. மேட்டுக்கு அந்தப் பக்கம் கொழுத்த முயல்கள் இருக்கின்றன, போய் விளையாடிவிட்டு வரலாமே என்று ஆசை காட்டியது. முயல் எனக்கு என்ன கெடுதல் செய்தது என்று செவலை கேட்டது. பள்ளத்தில் ஒரு எலும்பு கிடக்கிறது என்றது நரி. காலையில்தான் வயிறு முட்டச் சாப்பிட்டேன் என்றது செவலை.

நரிக்குப் பொறுமை போய்விட்டது. அந்தப் பெண் எந்த நேரமும் விழித்துக்கொள்ளலாம். "அண்ணே, நன்றாக யோசித்துப் பார். வேலை நாளில் ஆசையாக இருந்தும் செய்ய முடியாமல் போனது ஒன்றுகூடவா இல்லை?"

செவலை தலையைச் சாய்த்து யோசித்தது.

"ஒன்று இருக்கிறது," என்றது மெதுவாக. "பட்டிப் பக்கம் நரி வரும். நான் துரத்துவேன். ஆனால் ஆடுகள் தனியாக இருக்குமே என்று பாதி வழியில் திரும்பிவிடுவேன். ஒரு தடவையாவது கடைசிவரைக்கும் துரத்திப் பார்க்க வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை."

நரி ஓர் அடி பின்னால் நகர்ந்தது. "அதை... வேலை நாளில் வைத்துக்கொள்ளலாமே, அண்ணே."

"வேலை நாளில் எங்கே முடிகிறது?" என்று செவலை எழுந்து நின்றது. அன்றைக்கு முதல் தடவையாக அதன் வால் ஆடியது.

அப்புறம் என்ன? நரி ஓட, செவலை விரட்ட, ஓடை போயிற்று, கள்ளிக்காடு போயிற்று, பாறைக் கரடும் போயிற்று. வழக்கமாக நாய் திரும்பும் தூரம் வந்ததும் நரி நின்று மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தது. நாய் திரும்பவில்லை. வாலில் பாதி மயிரைப் பறிகொடுத்துவிட்டு அந்த நரி மலைக்கு அப்பால் போனது. அதன்பின் அதை அந்தக் காட்டில் யாரும் பார்க்கவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு செவலை உடம்பெல்லாம் முள்ளோடு திரும்பி வந்தது. குட்டி புட்டிப்பால் குடித்துக்கொண்டிருந்தது. நாயைக் காணோமே என்று இருவரும் சோற்றைத் தொடாமல் காத்திருந்தார்கள்.

"படுன்னு சொன்னா எங்கடா போயிட்டு வர்ற?" என்று சடையாண்டி ஒன்றும் புரியாமல் கேட்டான். பொன்னுத்தாயி அதன் வாயில் ஒட்டியிருந்த மயிரை எடுத்துப் பார்த்தாள். நரி மயிர் என்று கண்டதும் குட்டியை மடியில் அணைத்துக்கொண்டாள். பிறகு சோற்றில் முதல் கவளத்தைச் செவலைக்கு வைத்தாள்.

நீதி: அடுத்தவரின் ஆசையைத் தூண்டிவிட்டு ஆதாயம் தேட நினைப்பவர், அந்த ஆசை என்னவென்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.