மழை வேஷத்துக்கு மணி

ஒரு ஊர்ல ஒரு மழை இருந்துச்சாம். வானத்துல இல்ல, மூணாங்கிளாஸ்ல. காலை ஆட்டாம கேளு, அப்பதான் அத்தை சொல்லுவேன்.

"ம்."

அந்த மழை ஒரு பொண்ணு, பேரு பூங்கோதை. ஸ்கூல்ல மாறுவேடப் போட்டின்னாங்க. எல்லாரும் போலீஸு, டாக்டரு, கத்திரிக்கான்னு சொன்னப்போ, இவ மட்டும் எந்திரிச்சு "நான் மழையா வருவேன்"னுட்டா. கிளாஸே சிரிச்சுது. "எப்படிடி வருவே, சொட்டச் சொட்டவா?" இவளுக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. பாத்தவுடனே எல்லாரும் மழைன்னு சொல்லணும், இல்லாட்டி ஸ்கூலுக்கே போக மாட்டேன்னு வீட்டுல ஒத்தக் கால்ல நின்னா.

அப்புறம் அவ அம்மா ரஞ்சிதம், பழைய நீலச் சேலையை வெட்டி, டகடகடகன்னு மெஷின்ல கவுன் தச்சாங்க. கவுன் ஜோரா இருந்துச்சு. ஆனா மழைன்னா துளி வேணும்ல? ஓரத்துல வெள்ளைப் பாசிமணி கோத்துத் தொங்கவிடலாம்னு அம்மாவுக்கு யோசனை.

அப்பா அய்யாக்கண்ணு இருக்காரே, தங்கமான மனுஷன். ஆனா எதையும் முழுசா கேக்க மாட்டாரு. பாதி காதுல விழும்போதே செருப்பு கால்ல ஏறிடும். நம்ம வீட்டுலயும் ஒருத்தர் இருக்காரு, பேரு சொல்ல மாட்டேன்.

"எங்கப்பா!"

நான் சொல்லலப்பா. அம்மா வாயில குண்டூசியைக் கவ்விக்கிட்டே, "கவுனுக்கு மணி வேணுங்க, பா..."ன்னாங்க. விருட்டுன்னு போயிட்டாரு. வந்தாரு பாரு, கிணிங் கிணிங் கிணிங்! ஆட்டுக் கழுத்துல கட்டுற மணி!

"ஏங்க, நான் பெத்தது பொண்ணா, வெள்ளாடா? இதில்ல, பொடிப்பொடியா, கொத்துக்கொத்தா இருக்குமே, அந்த மணி..."

விருட்! வந்தாரு. சரசரசரன்னு கை நிறைய என்னமோ. என்னன்னு பாத்தா நெல்மணி! நல்லா முத்துன கதிரு, கொத்துக்கொத்தா.

அப்போ அம்மாவுக்கு அழுகையே வந்துடுச்சு. "ஐயோ, தைக்கிற மணிங்க! தைக்கிற மணி!"

விருட்! இந்தத் தடவை டிரிங் டிரிங்னு சைக்கிள் சத்தம். பின்னாடி சீட்டுல அப்பா. முன்னாடி ஓட்டிட்டு வந்தது யாரு தெரியுமா? கழுத்துல டேப்பைப் போட்டுக்கிட்டு, டெய்லர் மணி!

"தைக்கிற மணி நான்தானே அக்கா? என்ன தைக்கணும்?"

அம்மா தலையில கை வச்சுக்கிட்டு, "போச்சு, மணியாச்சு!"ன்னாங்க. அப்பா பாவம், "இன்னுமா மணி வேணும்?"னு மறுபடியும் செருப்பைத் தேடுறாரு!

சிரிச்சது போதும், தூக்கம் ஓடிடும். போட்டிக்கு நேரமாச்சு, இனிமே கடைக்குப் போக நேரமில்ல. பூங்கோதை மூக்கை உறிஞ்சிக்கிட்டு நிக்கிறா. டெய்லர் மணி கவுனைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "இருக்கிறதை வச்சு ஒப்பேத்துவோம்க்கா, ஊசியைக் குடுங்க"ன்னாரு. அப்புறம் அவரு ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், சரக் சரக்குன்னு தச்சாங்க. மேல ஒரு வரிசை ஆட்டு மணி, கீழ ஓரம் பூரா நெல்லுக் கதிரு.

"ம்."

பூங்கோதை மேடையேறுனா. கிணிங் கிணிங். "ஆடு வருது டோய்!"னு முன்வரிசையில ஒரு பையன் கத்துனான். எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. அவளுக்குக் கண்ணு ரெண்டும் ரொம்பிடுச்சு. ஆனா விடல. ஆடுன்னா சொல்றீங்கன்னு, கோவத்துல ஒரே குதி குதிச்சா பாரு!

நெல்லு உதிர்ந்துச்சு. மரப்பலகை மேடை, பக்கத்துல சாஞ்சு கிடக்கு மைக்கு. சட... சடசட... சடசடசடசட! ஸ்பீக்கர்ல சோன்னு கேக்குது! அவ சுத்துறா, நெல்லு தெறிக்குது. "ஆடு"ன்னானே, அந்தப் பையனே தலைமேல கைய வச்சுக்கிட்டு "ஐ, மழை! மழை!"ங்கிறான். அப்போ எல்லாப் பிள்ளைங்களும் "மழை! மழை!"

"ஃபர்ஸ்ட் பிரைஸா அத்தை?"

இல்ல, ரெண்டாவதுதான். ஒரு சோப்பு டப்பா. முதல் பரிசு கத்திரிக்காய்க்குப் போயிடுச்சு. பூங்கோதைக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "அப்பா எங்கம்மா?"னு தேடுறா. கூட்டத்துக்குப் பின்னாடி நின்ன மனுஷனைக் காணோம்.

ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்தாங்க. அப்பா கட்டில்ல உக்காந்து மூச்சு வாங்குறாரு. பக்கத்துல மொட்டை மாடியில காயப்போட்ட துணி அத்தனையும் மலை மாதிரி.

"மழைச் சத்தம் கேட்டதும் ஓடியாந்துட்டேன் ரஞ்சிதம். நல்லவேளை, ஒரு துணிகூட நனையல!"

பூங்கோதை ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கிட்டா. முதல் பரிசா, அது யாருக்கு வேணும்?

என்ன, "ம்"மைக் காணோம்? சரி. மழையும் விட்டுச்சு, கதையும் விட்டுச்சு, தூங்குடா செல்லம்.