செம்போத்து விழுங்கிய ஊர்

அந்தக் காலத்தில் கோழி பேசும், நாய் பேசும், வேலியில் ஊர்கிற ஓணான்கூடப் பேசும். பேசி ஒன்றும் பெரிதாகச் சாதித்ததாகத் தெரியவில்லை. மனிதர்களைப் போலவே பாதி நேரம் அடுத்த வீட்டு வம்பு, மீதி நேரம் சாப்பாடு. செம்போத்துக்கு மட்டும் சொந்தக் குரல் கிடையாது. கருத்த உடம்பு, செங்கல் நிற இறக்கை, ரத்தச் சிவப்பில் இரண்டு கண் எல்லாம் இன்றைக்கு இருப்பது போலத்தான். ஆனால் வாயைத் திறந்தால் யாருடைய குரல் வேண்டுமானாலும் வரும். சில நாள் உட்கார்ந்து கேட்டால் போதும், பெற்றவளே அசந்துபோகிற மாதிரி பேசும்.

அதே காலத்தில், கல்யாணமாகி வந்த பெண்ணை அவளுடைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். எந்த ஊர்ப் பெண் என்பதெல்லாம் கல்யாணத்தன்று ஒரு நாள் பேச்சு. விருந்து செரித்ததும் அதுவும் செரித்துவிடும்.

தேரிக்காட்டு ஓரத்தில் புன்னையடி என்று ஓர் ஊர். செம்மணல், பனை, மேற்கே ஒரு குளம், குளத்தங்கரையில் ஆள் நுழைய முடியாத தாழம்புதர். அந்த ஊரில் சில வருஷத்துக்கு ஒரு முறை, உச்சிவெயில் நேரத்தில், ஒரு மருமகள் காணாமல் போவாள். கூச்சல் இல்லை, சண்டை இல்லை. இருந்தாள், இப்போது இல்லை, அவ்வளவுதான். “பிறந்த வீட்டுக்குப் போயிருப்பா” என்பார்கள் புகுந்த வீட்டில். பெற்றவர்களோ, “வரலைன்னா அங்க நல்லாத்தான் இருக்கா” என்று நிம்மதியாக இருப்பார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு பெண்ணைத் தொலைப்பது அவ்வளவு சுலபம். புன்னையடியிலேயே பிறந்த பெண் ஒருத்திகூட அப்படிப் போனதில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க நேரம் எங்கே? மர நிழலில் படுத்துக் கிடக்கவே நேரம் போதவில்லை.

அந்த ஊரில் சடைச்சி என்பவளுக்கு இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். மூத்தவள் வேம்பி வந்து ஆறு வருஷம். இளையவள் மயிலி வந்து ஆறு மாதம். மயிலிக்கு அந்த வீட்டில் மனம்விட்டுப் பேச இருந்த ஒரே ஆள் வேம்பிதான்.

ஒரு நாள் உச்சிப்பொழுதில் இருவரும் ஒரே உரலில் மாற்றி மாற்றிக் கம்பு இடித்துக்கொண்டிருந்தார்கள். வேம்பியின் உலக்கை நின்றது.

“கூப்பிடுதா” என்றாள்.

“யாருக்கா?”

“எங்கம்மை. சோறு ஆறுதாம்.” வேம்பியின் முகம் சின்னப் பிள்ளை முகமாகியிருந்தது.

மயிலி காது கொடுத்தாள். அவளுக்கும் கேட்டது. குளத்துப் பக்கமிருந்து, வயதான ஒரு பெண்ணின் குரல். கொஞ்சம் அலுப்பு, கொஞ்சம் செல்லம். “ஏளா வேம்பி... சோறு ஆறுது, வா.”

“உங்கம்மை இங்க எதுக்குக்கா வரப் போறா? அதுவும் புதருக்குள்ள?”

“வாரேம்மா” என்று வேம்பி பதில் சொன்னாள். மயிலிக்கு அல்ல. உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையில் ஒட்டிய மாவைக்கூடத் தட்டாமல் நடந்தாள். மயிலி பின்னாலேயே ஓடினாள். புதருக்கு அருகே போனபோது ஒரு தாழைமடல்கூட அசையவில்லை. மணலில் காலடி புதர் வரைக்கும் போயிருந்தது. திரும்பி வந்த காலடி இல்லை.

சடைச்சி இதைக் கேட்டு அலட்டிக்கொள்ளவில்லை. “கோவிச்சுக்கிட்டு அம்மை வீட்டுக்குப் போயிருப்பா. நேத்து குழம்புல புளி தூக்கலுன்னு ஒரு வார்த்தை சொன்னேன்.”

“புதருக்குள்ள போனா அத்தை. நானே பார்த்தேன்.”

“நானும் பார்த்தேன்” என்றது முற்றத்துக் கோழி. “கூப்பிட்டது செம்போத்து. முன்னால ஒருத்தி போனாளே, அவளையும் அதுதான் கூப்பிட்டுது.”

“கோழி பேச்சைக் கேட்டுத்தான் நான் குடும்பம் நடத்தணுமாக்கும்” என்றாள் சடைச்சி.

“சரி, அம்மை வீட்டுலயே போய்ப் பார்ப்போம். அக்காவுக்கு எந்த ஊரு?” என்றாள் மயிலி.

சடைச்சி மூத்த மகனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான். “கிழக்க” என்றான். கொஞ்சம் யோசித்து, “இல்ல, தெக்க” என்றான். “பொண்ணு எடுக்கப் போறப்ப வண்டியில தூங்கிட்டேன்.”

ஆறு வருஷம் அவள் பொங்கியதைத் தின்றவன். அந்தத் தெரு முழுக்க விசாரித்தும் வேம்பி எந்த ஊர்ப் பெண் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வேம்பி நல்ல பெண், வேம்பி நன்றாக இடிப்பாள், வேம்பிக்கு இடது கை பழக்கம், எல்லாம் தெரிந்தது.

மயிலிக்கு ஒன்று நினைவிருந்தது. வீட்டு வாசலில் பெரிய ஆலமரம், அதன் விழுதில் ஊஞ்சல் கட்டி ஆடினோம் என்று வேம்பி ஒரு நாள் சொல்லியிருந்தாள். மறுநாள் காலையில் சோற்றுமூட்டையோடு கிளம்பி, எதிர்ப்பட்ட மாட்டையும் நாயையும் விசாரித்து, உச்சியாகிறபோது ஆலடி என்ற ஊரைக் கண்டுபிடித்தாள். மரத்தடி வீட்டு முற்றத்தில் ஒரு வயதான பெண், கையில் சோற்றுக் கும்பாவோடு தெருவைப் பார்த்து நின்றாள். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

“பெரியம்மை, வேம்பி இங்க வந்தாளா?”

“யாரு?”

“உங்க மக வேம்பி.”

“எனக்கு ஒரு மக உண்டு” என்றாள் அவள். “புன்னையடியில கட்டிக் குடுத்திருக்கு. தினம் சோறு இறக்கினதும் கூப்பிட்டுருவேன். இங்க இல்லைன்னு தெரியும், வாய் கேக்காது. நேத்து உச்சியில இருந்து பேரே வரமாட்டேங்குது.”

“வேம்பி” என்றாள் மயிலி, மெதுவாக.

அந்தச் சொல் அவளுக்குள் எங்கேயும் தங்கவில்லை. “நல்ல பேரு” என்றாள். “யாரு அது?”

வேலியில் செங்கல் நிறத்தில் ஓர் இறகு செருகி நின்றது. மயிலி பார்ப்பதைப் பார்த்து, “அது தினம் வந்து நான் கூப்பிடுறதைக் கேட்டுக்கிட்டு இருக்கும்” என்றாள் அந்த அம்மை. “பாவம், எனக்குத் துணைக்கு வருதுன்னு நெனச்சேன்.”

மயிலியைப் பெற்றவளும் அவள் பிறந்த ஊரான உப்போடையில் இதைத்தான் செய்துகொண்டிருப்பாள். கட்டிக்கொடுத்த மகளைச் சோற்றுவேளையில் தவறிப்போய்க் கூப்பிடாத அம்மை எங்கே இருக்கிறாள்? உடனே போய் அந்த வாயை மூடச் சொல்ல வேண்டும். ஆலடியிலிருந்து உப்போடைக்கு வழி புன்னையடிக் குளத்தங்கரை மேலேதான். அன்றைய சோற்றுவேளை தாண்டிவிட்டதால் இரவு ஆலடியிலேயே தங்கி, மறுநாள் விடிந்ததும் கிளம்பி, வெயில் உச்சிக்கு ஏறும்போது தாழம்புதரைத் தாண்டினாள்.

“ஏளா மயிலி” என்றது அவள் அம்மையின் குரல். “தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு வெயில்ல திரியாத. சாப்பிட வா.”

வந்து விழப் பார்த்த பதிலை மயிலி பல்லால் கடித்து நிறுத்தினாள். கால் நிற்கவில்லை. அது புதரை நோக்கிப் போனது. மடல்களுக்கு நடுவே செம்போத்து உட்கார்ந்திருந்தது. கண் இமைக்கவில்லை. அலகு அசைந்தது, அம்மை பேசினாள்.

“கூப்பிட்டா பதில் சொல்லணும். அப்படித்தானே வளர்த்தேன்?”

“வேம்பியை விடு” என்றாள் மயிலி.

“வேம்பிக்கு என்ன? சொகமா இருக்கா. கேளு.” பறவையின் தொண்டை புடைத்தது. “மயிலி, உலை கொதிக்குதா பாரு” என்றது வேம்பியின் குரல். அடுத்து இன்னொருத்தி, பிள்ளையைத் தாலாட்டினாள். அடுத்தவள் சிரித்தாள். அதற்கும் அடியில், வெகு தூரத்திலிருந்து, ஒருத்தி இருமினாள்.

“எதுக்கு இது?”

“கேட்ட குரல் ஒரு பொழுது தங்கும், போயிரும். பேரை விழுங்கினா நிலைச்சு நிக்கும். நீ பதில் சொன்னா உன் பேரு எனக்கு, பெத்தவ வாயில அது இருக்காது.”

“வாழ வந்தவளா பார்த்து ஏன் புடிக்கே?”

“ஊருல பொறந்தவளுக்குத் தெரியும், அவ அம்மை அடுப்படியில இருக்கான்னு. புதருக்குள்ள கூப்பிட்டா சிரிப்பா. உனக்குத்தான் ஆசை. அதுவும் போக, உன்னைத் தேடி யாரு வருவா? நீ எந்த ஊருன்னு அந்த வீட்டுல யாருக்காவது தெரியுமா?”

மயிலி தன் புருஷனை நினைத்துப் பார்த்தாள். தெரியும் என்று அடித்துச் சொல்ல அவளால் முடியவில்லை. அந்த இடத்தில்தான் பயம் போய்க் கோபம் வந்தது.

“பேரைச் சொல்லு” என்றது அம்மையின் குரல், கெஞ்சலாக. “விழுங்கினதை நான் திருப்பித் தரமாட்டேன், பத்திரமா வச்சுக்கிடுவேன்.”

ஒருத்தியின் பெயர் சின்னது, ஒரே வாயில் போய்விடும். விழுங்க முடியாத பெயர் ஒன்று மயிலியிடம் இருந்தது. அவள் யோசித்தது அவ்வளவுதான். அதற்கு மேல் யோசிக்க அங்கே நேரம் இல்லை.

“எம்பேரு உப்போடை” என்றாள். “இந்தா வாரேன்.”

செம்போத்து வாயைப் பிளந்து விழுங்கியது. இருநூறு வீடு, வெள்ளை பூத்த ஓடை, அதன் கரையில் காயும் வலை, நாய், கோவில், மாவாட்டும் சத்தம், சண்டை, சோற்றுவேளையில் மகளைக் கூப்பிடும் ஓர் அம்மை எல்லாம் அந்தச் சின்னத் தொண்டையில் போய் முட்டிக்கொண்டு நின்றன. பறவை கழுத்தை நீட்டியது, சுருக்கியது. உள்ளே இருந்த பழைய பெயர்கள் இடம் இல்லாமல் ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுந்தன. புதர் விலகி நான்கு பெண்கள் நடந்து வந்தார்கள். முன்னால் வேம்பி, கையில் கம்பு மாவு காயாமல். கடைசியாக வந்தவளுக்கு இருபது வயது இருக்கும். அவள் வீடு எது என்று ஊருக்குள் போய்க் காட்டினாள். அந்த இடத்தில் குட்டிச்சுவரும் எருக்கஞ்செடியும் இருந்தன.

வேம்பியை வீட்டு வாசலில் விட்டுவிட்டு மயிலி ஒரே ஓட்டமாக உப்போடைக்குப் போனாள். பாதை இருந்தது. பாதை முடிந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று பொட்டல் இருந்தது. ஒரு சுவர் இல்லை, ஒரு அடுப்புக் கல் இல்லை. வேலிகூட இல்லாததால் தரையில் உட்கார்ந்திருந்தது ஓர் ஓணான்.

“இங்க ஒரு ஊரு இருந்துதே” என்றாள்.

“எனக்குத் தெரிஞ்சு எப்பவும் பொட்டல்தான்” என்றது ஓணான். “நீ தப்பான எடத்துக்கு வந்துட்டே.”

அவள் அழுதாளா என்று ஓணான் சொல்லவில்லை. வீடு திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. குளத்துப் பக்கமிருந்து ஊப்... ஊப்... ஊப்... என்று ஒரு புதிய சத்தம் வந்தது. ஆழமான குடத்துக்குள்ளிருந்து வருவது போல. உற்றுக் கேட்டால் அதற்குள் நாய் குரைத்தது. ஆட்டுக்கல் ஓடியது. யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு தாண்டி வந்தாள்.

“ஏளா மயிலி, ரெண்டு நாளா எங்க போனே?” என்றாள் சடைச்சி.

அவள் திரும்பவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டும் திரும்பவில்லை.

“காது போச்சா?”

“உப்போடைன்னு கூப்பிடுங்க அத்தை.”

“அது உங்க ஊரு பேருல்லா?”

“ஆமா. என்னைக் கூப்பிடுறதை விட்டா அந்தப் பேரைச் சொல்ல இனிமே யாரும் இல்ல.”

பக்கத்தில் நின்ற வேம்பி பேசினாள். “அப்ப என்னை ஆலடியாள்னு கூப்பிடுங்க. நான் மறுபடி காணாமப் போனா எங்க வந்து தேடணும்னு இந்த வீட்டுக்குத் தெரியட்டும்.” சொல்லிவிட்டுத் தன் புருஷனைப் பார்த்தாள். “சொல்லிப் பாருங்க.” அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே, “ஆலடியாள்” என்றான். “என்னைப் பார்த்துச் சொல்லுங்க” என்றாள். சொன்னான்.

ஒரு வாரத்தில் தெரு முழுக்க அப்படியே ஆனது. உப்போடையாள் கிழவியாகிச் சாகிற வரைக்கும், உச்சிப்பொழுதில் உலக்கையை ஒரு நிமிஷம் நிறுத்திக் குளத்துப் பக்கம் காது கொடுப்பாள். ஒரு நாளும் பதில் சொன்னதில்லை.

அன்று முதல்தான் தேரிக்காட்டுப் பக்கத்தில் வாழ வந்த பெண்ணை அவள் பிறந்த ஊரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அன்று முதல்தான் செம்போத்து உச்சிவெயிலில் புதருக்குள் உட்கார்ந்து, முழுதாக விழுங்கவும் முடியாமல் துப்பவும் மனமில்லாமல், ஓர் ஊரைத் தொண்டையில் வைத்துக்கொண்டு கத்துகிறது.