செண்பகவல்லி தொடாத வரி

"யாரும் நிறுத்த முடியாதபடி ஒரு வரி எழுதிக் கொடுங்க, டீச்சர். என் வீட்டுக்காரர் பொய் சொல்ல ஆரம்பிச்சிட்டார்."

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே செண்பகவல்லி இதைச் சொல்லிவிட்டாள்.

டீச்சர் பெர்பெத்துவாவுக்குச் செண்பகவல்லியின் மகள் வயதுதான். பாளையங்கோட்டையில் ஒரு மாவுக்கடைக்கு மேலே, மாடி அறையில், கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுக்கிறாள். கீழே கிரைண்டர் ஓடும்போது மேலே மேஜை நடுங்கும். அவள் குரலை உயர்த்த மாட்டாள். கிரைண்டர் நிற்கும்வரை காத்திருப்பாள்.

"உட்காருங்கக்கா."

"உட்கார நேரமில்லை. கீழே கடையில அவரை உட்கார வெச்சிட்டு வந்திருக்கேன். பைபாஸ் பண்ணின உடம்பு, மாடி ஏறக் கூடாது. சனிக்கிழமை ராத்திரி நான் கோயம்புத்தூர் கிளம்பியாகணும். பொண்ணுக்குப் பிரசவம். நான் திரும்பி வர்ற வரைக்கும் இவர் தனியா இருக்கணும்."

"சரி."

"காலையில எட்டு மணி மாத்திரை ஒரு நாள்கூடத் தப்பக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அதுக்குத்தானே கம்ப்யூட்டர்ல இந்த மணியைச் செஞ்சு ஹாலில் வெச்சேன்!"

ஜவுளிக்கடைப் பையிலிருந்து பழைய லேப்டாப்பையும் ஒயரோடு ஒரு சின்ன ஸ்பீக்கரையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

பெர்பெத்துவாவின் வகுப்பில் ஒரே ஒரு விதி. மாதிரி புரோகிராம் தருவாள். அதில் எதையும் மாற்றுவதற்கு முன், ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு வாசித்து, அது என்ன செய்கிறது என்று தமிழில் சொல்ல வேண்டும்.

முதல் நாளே செண்பகவல்லி மூக்கைச் சுளித்தாள். "கான்வென்ட்டில சிஸ்டர் முன்னாடி நின்னு ஒப்பிச்சதெல்லாம் போதும் டீச்சர். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும்."

அவள் வழி வேறு. மாதிரியை எடுப்பாள். பெயர் இருக்கிற இடத்தில் வேறு பெயர், எண் இருக்கிற இடத்தில் வேறு எண். ஓட்டிப் பார்ப்பாள். ஓடினால் அது அவளுடையது. புரியாத வரியைத் தொட மாட்டாள். அதற்கும் தனக்கும் சண்டையில்லை என்பாள்.

எல்லாமே ஓடின. வகுப்பில் வேறு யாருக்கும் அவ்வளவு சீக்கிரம் ஓடவில்லை.

"மணி அடிச்சுதா?" என்று பெர்பெத்துவா கேட்டாள்.

"கணீர்னு அடிச்சுது. போன திங்கட்கிழமை வெச்சேன். டாண்ணு எட்டு மணிக்கு அடிக்கும், ஸ்க்ரீன்ல 'மாத்திரை போடுங்க'ன்னு வரும், அவரும் போடுவார். வாரம் பூரா அப்படித்தான். சரி, இனி நான் காவல் இருக்க வேண்டாம்னு நிம்மதியா ஞாயித்துக்கிழமை ஒரு கல்யாணத்துக்குக் கோவில்பட்டி போனேன்."

"ம்."

"சாயங்காலம் வந்து பார்த்தா மனுஷன் தலை சுத்திப் படுத்திருக்கார். மாத்திரை அட்டையிலேயே இருக்கு. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. பக்கத்து வீட்டுப் பையன் காரில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒரு ராத்திரி அங்கேயே வெச்சிருந்தாங்க."

"ஐயா என்ன சொன்னாங்க?"

"'மணி அடிக்கலை, செண்பா'ங்கறார். கண்ணைப் பார்த்துச் சொல்றார், டீச்சர்! ஆறு நாள் அடிச்ச மணி, நான் ஊர்ல இல்லாத அன்னிக்கு மட்டும் அடிக்கலையாம். கிரிக்கெட் பார்க்கறதுக்காக அவர்தான் நிறுத்தியிருக்கார். இத்தனை வருஷக் குடித்தனத்துல ஒரு பொய் சொன்னதில்லை அந்த மனுஷன். எனக்கு நெஞ்சே அடைச்சுப்போச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

செண்பகவல்லி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"என்ன சொல்வாங்க? டாக்டர் நெஞ்சைத் திறந்தப்போ வெட்கத்தையும் சேர்த்து எடுத்துட்டாரான்னு கேட்டேன். ஆஸ்பத்திரியிலதான். நர்ஸ் இருந்தா. இருக்கட்டுமே."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லை. அன்னியிலேருந்து அவர் பேசறதில்லை. வெச்சதைச் சாப்பிடறார். கூப்பிட்டா வர்றார். அவ்வளவுதான்."

கீழே கிரைண்டர் ஓட ஆரம்பித்தது. பெர்பெத்துவா காத்திருந்தாள். அது நின்றதும் லேப்டாப்பைத் திறந்தாள்.

"எந்த மாதிரியிலேருந்து செஞ்சீங்க?"

"பள்ளிக்கூட மணி. நீங்க கொடுத்ததுதான். மணி நேரத்தை எட்டுன்னு மாத்தினேன். 'முதல் பீரியட்'ங்கற இடத்துல 'மாத்திரை போடுங்க'ன்னு போட்டேன். வேற எதையும் தொடலை."

"நடுவுல இந்த வரி?"

"அது என்னமோ. ஒருநாள் எடுத்துப் பார்த்தேன், சிவப்பா ஏதோ திட்டிச்சு. திருப்பி வெச்சேன், ஓடிச்சு. அது பாட்டுக்கு இருக்கட்டும்னு விட்டுட்டேன். நான் கேட்டது என்ன, நீங்க பார்க்கறது என்ன? யாரும் நிறுத்த முடியாதபடி ஒரு வரி, அதைச் சேர்த்துக் கொடுங்க, போதும்."

பெர்பெத்துவா நாற்காலியை நெருக்கிப் போட்டாள். லேப்டாப்பின் கடிகாரத்தைத் திறந்தாள். கிழமையைச் சனி என்று வைத்தாள். நேரத்தை எட்டுக்கு ஒரு நிமிஷம் முன்னால் வைத்தாள். புரோகிராமை ஓடவிட்டாள்.

இருவரும் காத்திருந்தார்கள்.

மணி அடித்தது. கணீரென்று.

"பார்த்தீங்களா!" என்றாள் செண்பகவல்லி. "நான் செஞ்சதுல குறையே கிடையாது. குறையெல்லாம் அந்த ஆளுகிட்ட."

பெர்பெத்துவா மறுபடியும் கடிகாரத்தைத் திறந்தாள். ஒரு நாள் தள்ளி வைத்தாள். எட்டுக்கு ஒரு நிமிஷம் முன்னால்.

காத்திருந்தார்கள்.

எட்டு ஆனது.

எட்டு தாண்டியது.

செண்பகவல்லி ஸ்பீக்கரைத் தடவிப் பார்த்தாள். ஒயரை அசைத்தாள். தட்டினாள்.

"என்ன செஞ்சீங்க டீச்சர்? நீங்க நிறுத்திட்டீங்களா?"

பெர்பெத்துவா இரண்டு கைகளையும் மேஜையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

திரை அப்படியே இருந்தது. சத்தமில்லை.

"அந்த வரியை வாசிங்கக்கா," என்றாள். "வாய்விட்டு."

செண்பகவல்லி கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். அழகான இங்கிலீஷ். ஒவ்வொரு சொல்லாக, சிஸ்டர் முன்னால் நிற்பதுபோல வாசித்தாள்.

"தமிழில்?"

"இன்னிக்கு..." என்று தொடங்கினாள். "இன்னிக்கு ஞாயித்துக்கிழமையா இல்லாம இருந்தா..."

அதற்குமேல் வரவில்லை.

ஞாயிறு என்கிற சொல் அந்த வரியில், சின்ன எழுத்தில், முதல் நாளிலிருந்தே இருந்தது. அவள் விரல் அதன்மேல் நின்றது.

"பள்ளிக்கூட மணிதானேக்கா," என்றாள் பெர்பெத்துவா. "ஞாயித்துக்கிழமை லீவு."

செண்பகவல்லி அந்த வரியை மறுபடியும் வாசித்தாள். அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் எதுவும் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது, நர்ஸ் சட்டென்று குனிந்து டிரிப்ஸ் ஊசியைச் சரிபார்ப்பதுபோல நடித்தது, எல்லாம் அந்த ஒரு வரியில் தெரிந்தது.

கீழே யாரோ இருமினார்கள்.

"டீச்சர்," என்றாள். "இதை எப்படிச் சரிபண்றது? சொல்லுங்க. இப்பவே, நானே மாத்தறேன்."

பெர்பெத்துவா லேப்டாப்பை மூடினாள்.

"முதல்ல கீழே போங்கக்கா."