மழை பெய்கிறதா என்ற வழக்கு

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் ஒரு ராஜா இருந்தார். நாட்டின் பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அதனால் விட்டுவிடுவோம். அந்த ராஜாவுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. கன்னம் வீங்கி, கஞ்சியும் இறங்காமல், சிரிப்பையே மறந்து உட்கார்ந்திருந்தார்.

ராஜாவுக்குப் பல்வலி வந்தால் வேறு யாருக்காவது தலைவலி வரும். இங்கே அது விகடகவி வழித்துணையானுக்கு வந்தது. அவன் குடியிருந்த வீடு, "என்னைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கும் வரையில் இதில் இரு" என்று ராஜா வாயால் சொல்லிக் கொடுத்தது. அதன் மேல் அமைச்சர் விருத்தகிரிக்கு வெகுநாளாகக் கண். அவர் சட்டம் சொல்லிக்கொடுக்கும் நியாயசாலை பக்கத்து மனையில்தான் இருந்தது. மாணாக்கர் பெருகி அங்கே இடம் போதவில்லை. ராஜா சிரிப்பதில்லை, ஆகவே வீடும் விகடகவிக்கு இல்லை என்று அமைச்சர் வழக்குத் தொடுத்தார்.

வலியில் இருந்தவருக்கு எதுவும் நியாயமாகத்தானே படும்? அன்று பொழுது சாய்வதற்குள் தன்னைச் சிரிக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று ராஜா சொல்லிவிட்டார். அமைச்சர் அதோடும் விடவில்லை. வழக்கில் மாட்டியவன் தன் தொழிலைக் காட்டித் தீர்ப்பைத் திருப்பக் கூடாது, சட்டம் இருக்கிறது என்றார். வேடிக்கை பேசக் கூடாது, முகத்தைக் கோணக் கூடாது, குட்டிக்கரணம் போடக் கூடாது. வேண்டுமானால் சபையில் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம்.

வழித்துணையான் வீட்டுக்குப் போனபோது அவன் மனைவி பெரியநாயகி சட்டி பானைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பாரு அப்பவே சொன்னாரு, சிரிப்புக்கு வாக்கப்பட்டா அழுகைதான் சீதனம்னு."

"உலைப்பானையக் கட்டாத. சாயங்காலம் வந்து சோறு திங்கணும்."

"எந்த வீட்ல?"

மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து மனையில் மாணாக்கர் வாதாடும் சத்தம், மழையையும் மீறிக் கேட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் படுத்து அதைக் கேட்டுக் கேட்டே அவனுக்குப் பாதித் தூக்கம் போயிருந்தது. கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றவன், விறுவிறுவென்று அரண்மனைக்கு நடந்தான்.

"அரசே, என் கேள்வியை அமைச்சரின் மாணாக்கரிடம் கேட்க உத்தரவு வேண்டும்" என்றான். அமைச்சருக்கு மீசை துடித்தது, பெருமையில். மாணாக்கர் வந்து, இடமில்லாமல் திறந்த முற்றத்தில் மழையிலேயே நின்றார்கள்.

"இப்போது மழை பெய்கிறதா, இல்லையா?"

கேள்வி முடியுமுன்பே ஒருவன் கையைத் தூக்கினான். பிறக்கும்போதே கைதான் முதலில் வெளியே வந்ததாம். தூக்கிய பிறகுதான் என்ன சொல்வதென்று யோசித்தான். அதற்குள் இன்னொருவன், அது சந்தர்ப்பத்தைப் பொறுத்தது என்றான். சாப்பிட்டாயா என்று கேட்டாலும் அவனுக்கு அதே பதில்தான். ஆளும் குச்சியாக இருந்தான். அடுத்தவனுக்குத் தாய்மாமன் மேலைச் சீமையில் நீதிபதி. மாமன் ஊரில் பெய்வதுதான் மழை, இது வெறும் தண்ணீர் என்றான். உலகத்து அநியாயத்தையெல்லாம் தோளில் சுமக்கும் ஒருவன் கண் சிவக்க முன்னால் வந்து, குடையில்லாத ஏழைக்குத்தான் மழை என்று முழங்கினான். அவனுக்கு மட்டும் பின்னால் ஓர் ஆள் குடை பிடித்துக்கொண்டிருந்தான். நின்றபடியே தூங்கிய ஒருவன் விழித்து, முன்னவர் சொன்னதே தன் கருத்தும் என்று சொல்லி மறுபடி தூங்கினான். வந்தது முதல் எல்லாவற்றையும் ஓலையில் கீறிக்கொண்டிருந்தவன், இடி இடித்ததும் வானத்தைப் பார்த்து, இன்னொரு தரம் மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்டான்.

மழை பேதம் பார்க்காமல் கொட்டியது. குடுமி வழிய, தும்மிக்கொண்டே வாதாடினார்கள். அமைச்சர் பொறுக்க முடியாமல், "பெய்கிறது என்று சொல்லித் தொலையுங்களேன்" என்று பல்லைக் கடித்தார்.

முதலில் கை தூக்கியவன் அதை இன்னும் இறக்கவில்லை. "ஐயா, தாங்கள் வாதி. வாதி சாட்சிக்கு விடை எடுத்துக் கொடுக்கலாகாது என்று தாங்கள்தான் பாடம் சொன்னீர்கள்."

ராஜாவின் வீங்கிய கன்னம் முதலில் நடுங்கியது. பிறகு தொந்தி குலுங்கியது. வலிக்கிறது, வலிக்கிறது என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தார்.

அமைச்சர் அசரவில்லை. "அரசே, தங்களைச் சிரிக்க வைத்தவர்கள் என் மாணாக்கர், விகடகவி அல்லர். வீடு எங்களையே சேரும்."

வழித்துணையான் வேறு வழியில்லாமல், வேலையை விட்டுப் போகிறவனாக, விகடகவிக்கு அடையாளமான தன் கோணல் தலைப்பாகையைக் கழற்றினான். கையிலிருந்த அதைப் பார்த்ததும்தான் அவனுக்குப் புத்தி ஓடியது.

"அமைச்சர் பெருமான் சொல்வது நியாயம். அந்த வீடு அரசரைச் சிரிக்க வைப்பவருக்கு. இவர்களை இப்படி வார்த்தெடுத்தவர் அவரே. ஆகையால் வீட்டோடு இந்தத் தலைப்பாகையையும் வாங்கிக்கொள்ளட்டும். நாளை முதல் சபையில் எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரிப்போம்."

"என்ன அமைச்சரே, வீடு யாருக்கு?" என்றார் ராஜா.

அமைச்சர் தலைப்பாகையைப் பார்த்தார். "அது வந்து..."

"சந்தர்ப்பத்தைப் பொறுத்தது" என்று முற்றத்திலிருந்து ஒரு குரல் கைகொடுத்தது.

"விகடகவிக்கே, அரசே" என்றார் அமைச்சர், அவசரமாக.

ராஜா மறுபடி சிரித்து, வீட்டை வழித்துணையானுக்கு அவன் ஆயுள் முழுவதற்கும் எழுதிக் கொடுத்தார். வேறென்ன வேண்டும் என்று கேட்டார். கூரையில் ஓடு நொறுங்கிக் கிடக்கிறது, மாற்ற ஆள் வேண்டும், இந்தப் பிள்ளைகள் போதும் என்றான் அவன்.

மழையோடு மழையாக மாணாக்கர் எல்லோரையும் கூரையில் ஏற்றினார்கள். உலை வைத்துவிட்டு வெளியே வந்த பெரியநாயகி, முகத்தைத் தூக்கி, "மழை விட்டிருச்சா தம்பிங்களா?" என்று கேட்டாள்.

"இல்லைங்கம்மா" என்றார்கள் அத்தனை பேரும், ஒரே குரலில்.