முத்திரை கொடுத்த வாக்கு

மெழுகின் மேல் தான் விழுந்த அந்தச் சத்தம், முத்திரைக்கு வெகுநாள் நினைவிருந்தது. ஒரு தீவு, அக்கரை நாடுகளின் கூட்டத்தை விட்டு விலகிய நாள் அது. விலகும்போது தீவு ஒரு வாக்குக் கொடுத்தது: வடக்கே இருக்கும் எங்கள் சிறுதீவு வழியாகச் சரக்கு அக்கரைக்கு நழுவாதபடி, அங்கே போவதையெல்லாம் எங்கள் துறைமுகத்திலேயே சோதித்து அனுப்புவோம். முத்திரை பதித்த தாள் இரண்டு. ஒன்று தீவில் தங்கியது, மற்றது அக்கரைக்குப் போனது.

சில வருஷங்களில் அந்தச் சோதனை கசந்தது. "நம்ம மூட்டையை நாமே பிரிச்சுப் பார்க்கிறதா?" என்றார்கள் சபையில்.

அங்கே ஒரு வழக்கம். புதுச் சபை கூடி மணி அடித்துவிட்டால், பழைய சபை போட்ட எந்த முடிச்சையும் அவிழ்க்கலாம். அந்த வாக்கு செல்லாது என்று சட்டம் எழுதி, மணியை அடித்தார்கள். சபைச் செயலர் ஆவுடையம்மாள் முத்திரையைக் கையில் எடுத்தார்.

முத்திரை தயங்கியது. "மணியண்ணே, இது நான் கொடுத்த வாக்காச்சே."

"நீ யாரு கொடுக்க? சபை கொடுத்துது, சபை எடுக்குது. இந்தத் தீவுல என் சத்தத்துக்கு மேல சத்தம் உண்டா?"

"இல்லண்ணே."

"அப்புறம் என்ன, பொண்ணு பார்க்க வந்த மாதிரி நெளியுறே?"

"அக்கரையில ஒரு தாள் இருக்கே. உங்க சத்தம் அதுவரைக்கும் எட்டுமா?"

"இங்கே எட்டினாப் போதும்," என்றது மணி.

"எனக்கும் மனசில்லை தாயி," என்றார் ஆவுடையம்மாள். "ஆனா சட்டம் முறைப்படி வந்திருக்கு." அழுத்தினார்.

சட்டம் செல்லுபடியாயிற்று. அதில் ஒரு குறையும் இல்லை.

அன்று மத்தியானமே முத்திரைக்கு ஒரு குரல் கேட்க ஆரம்பித்தது. தன் குரலேதான். கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு பெட்டிக்குள்ளிருந்து, பழைய தாளை வரி பிசகாமல் வாசித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, நான் அங்கே பேசிக்கிட்டிருக்கேன்."

"பிரமை. வாயை மூடு."

"இங்கே மூடியாச்சு. அங்கே மூட முடியலையே."

மழைக்காலத்தில் தீவில் காய்ச்சல் பரவியது. மருந்துக் கப்பல் கேட்டுத் தெற்குக் கரையோடு புது உடன்படிக்கை எழுதினார்கள். அந்தக் கரையின் தூதர் பார்த்துக்கொண்டிருக்க, ஆவுடையம்மாள் மெழுகை உருக்கினார். முத்திரையைப் பிடித்த அவர் கை அனலாய்ச் சுட்டது.

அழுத்தி எடுத்தார். மெழுகு, காற்றில்லாத குளம்போல் வழவழவென்று கிடந்தது. திருப்பிப் பார்த்தார், முத்திரையின் முகத்தில் சிங்கமும் எழுத்தும் அப்படியே இருந்தன. மறுபடி அழுத்தினார். ஒன்றும் பதியவில்லை.

"என்னை அடிங்க," என்றது மணி. அடித்தார்கள். தீவு முழுக்கக் கேட்டது. மெழுகு அசையவில்லை.

தூதர் தாளைச் சுருட்டிக்கொண்டார். "கோபம் ஒண்ணும் இல்லைம்மா. ஊருக்குப் போய்க் காட்ட ஒரு அடையாளம் வேணுமில்ல?"

கப்பல் வரவில்லை. ஐப்பசி பதினெட்டாம் நாள் ஆவுடையம்மாள் காய்ச்சலில் இறந்துபோனார்.